ஆறில்லா ஊருக்கும் வெள்ளம் வரும் – ஒரு வரலாற்றுப் பார்வை





ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நிர்வாகிகள் பணித்தபோது, வழக்கம்போல் நபித்தோழர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தரலாமென்றே எண்ணியிருந்தேன். இடையில், அச்சகத்திற்குச் செல்லவிருந்த வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் வாய்ப்பு நேர்ந்தது. அதில் 'பள்ளிக் கடைகள் – மழைநீர் புகுந்த வகையில் பழுதுபார்ப்பு' என்றொரு செலவினம் இரண்டாண்டுகள் தொடர்ந்து இடம் பெற்றிருப்பதைக் கண்டேன். தொகை பெரிதன்று. ஆயினும் அக்கடைகளின் வாடகையைக் கொண்டுதான் மக்தப் உஸ்தாதின் ஊதியமும் பள்ளியின் மின்கட்டணமும் செலுத்தப்பட்டு வருகின்றன. கடைக்காரர் ஒருவர் வாடகைக் குறைப்புக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார் என்றும் அறிந்தேன்.

இது பற்றிச் சில பெரியவர்களிடம் பேசியபோது அவர்கள் சிரித்தார்கள். "ஹழ்ரத், குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர் இது. ஆறா ஓடுகிறது, வெள்ளம் வருவதற்கு?" என்றார்கள். நம்மூர் மலை மறைவுப் பகுதியில் அமைந்த வறண்ட ஊர் என்பது உண்மையே. வடக்கே கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் நிட்சேப நதி ஓடுகிறது. அதுவும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆயினும் 'ஆறில்லை, ஆகவே வெள்ளமில்லை' என்னும் இந்த நம்பிக்கை சரிதானா என்பதை வரலாற்றைக் கொண்டு பார்க்க வேண்டும் எனத் தோன்றிற்று. ஆறே இல்லாத, மழையும் அரிதான, ஆனால் வெள்ளத்தால் பலமுறை அலைக்கழிந்த ஓர் ஊரை நாம் அனைவரும் அறிவோம். நாள்தோறும் ஐந்து வேளையும் அவ்வூரை நோக்கியே நாம் நிற்கிறோம்.

மக்காவின் வெள்ளங்கள்

புனித மக்கா பாறை மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். பயிர் விளையாத இடம். அம்மலைகளில் மண் இல்லாமையால் பெய்யும் மழை உள்ளே இறங்குவதில்லை. பெய்த அத்தனையும் அப்படியே வழிந்து ஓடையாகிவிடும். மேற்பகுதியான மஅலாவிலிருந்து கீழ்ப்பகுதியான மிஸ்ஃபலாவை நோக்கி நீர் இறங்கும் வழியில், பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் கஅபா அமைந்திருக்கிறது. ஆகவே எப்போதோ ஒருமுறை பெய்யும் பெருமழையும் கஅபாவின் முற்றத்திற்கே வந்து சேரும்.

நபி (ஸல்) அவர்களுக்கு முப்பத்தைந்து வயதாயிருந்தபோது குறைஷியர் கஅபாவை இடித்துக் கட்டிய வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஹஜருல் அஸ்வதைத் துணியில் வைத்துத் தூக்கிய நிகழ்ச்சியை அவர்கள் மக்தபில் படிக்கிறார்கள். ஆனால் ஏன் இடித்துக் கட்ட நேர்ந்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடை வராது. கட்டடத்தின் சுவர்களை வெள்ளம் பலவீனப்படுத்தியிருந்தது என்பதே முதன்மையான காரணமாகச் சொல்லப்படுகிறது. நேர்மையாக ஈட்டிய பொருளை மட்டுமே அப்பணிக்குச் செலவிட வேண்டுமென்று குறைஷியர் நிபந்தனை விதித்துக் கொண்டனர். பொருள் போதவில்லை, ஆகவே ஒரு பகுதியைக் கட்டடத்திற்கு வெளியே விட்டுவிட்டனர். அதுவே இன்று நாம் காணும் ஹிஜ்ர்.

இதன் பின்னர் ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் (கி.பி. 638) கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் மேற்பகுதியிலிருந்து ஒரு பெருவெள்ளம் இறங்கியது. அதில் உம்மு நஹ்ஷல் என்னும் பெண்மணி அடித்துச் செல்லப்பட்டு இறந்தமையால் அது 'உம்மு நஹ்ஷல் வெள்ளம்' எனப் பெயர் பெற்றது. மகாமு இப்ராஹீம் கல்லையும் அவ்வெள்ளம் பெயர்த்துக்கொண்டு போயிற்று. மக்காவின் கீழ்ப்பகுதியில் அதனைக் கண்டெடுத்து வந்து கஅபாவின் அருகில் கட்டி வைத்தார்கள். ஆனால் அது முன்பு எந்த இடத்தில் இருந்தது என்னும் அடையாளத்தை வெள்ளம் அழித்துவிட்டது.

செய்தி மதீனாவை எட்டியதும் உமர் (ரலி) அவர்கள் கலக்கத்தோடு புறப்பட்டு ரமளான் மாதத்தில் உம்ராவுக்காக மக்கா வந்து சேர்ந்தார்கள். அவ்விடத்தை அறிந்தவர் எவரேனும் உண்டா என்று மக்களிடம் வினவினார்கள். அல்முத்தலிப் இப்னு அபீ வதாஆ (ரலி) எழுந்து, தமக்குத் தெரியும் என்றார்கள். இப்படி ஒரு நாள் நேரக்கூடும் என்று தாம் முன்பே அஞ்சியதாகவும், ஆகவே அக்கல் இருந்த இடத்திலிருந்து ஹஜருல் அஸ்வத் மூலைக்கும், ஹிஜ்ரின் வாயிலுக்கும், ஸம்ஸம் கிணற்றுக்கும் உள்ள தூரங்களைக் கயிற்றால் அளந்து வைத்திருப்பதாகவும், அக்கயிறு வீட்டில் இருப்பதாகவும் கூறினார்கள். கலீஃபா அவர்களைத் தம்முடன் அமரச் சொல்லி, ஆளனுப்பிக் கயிற்றை வரவழைத்தார்கள். அளந்து பார்த்து, பிறரிடமும் விசாரித்து உறுதி செய்துகொண்டபின், அடியில் திடமான அடித்தளமிட்டுக் கல்லை அதன் இடத்தில் நிறுத்தினார்கள். 'அக்பாரு மக்கா' என்னும் நூலில் அஸ்ரகீ (ரஹ்) இதனை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

மதரஸாவில் ஓதிய காலத்தில் இச்செய்தியை மகாமு இப்ராஹீமின் சிறப்பைச் சொல்லும் செய்தியாக மட்டுமே நான் வாசித்தேன். இப்போது வாசிக்கையில் அந்தக் கயிறுதான் கண்முன் நிற்கிறது. வெயில் காயும் ஊரில், மேகமே இல்லாத ஒரு நாளில், ஒருவர் கயிற்றை எடுத்துச் சென்று தூரத்தை அளக்கிறார். பார்த்தவர்கள் அவரைப் பார்த்தும் சிரித்திருக்கக் கூடும்.

உமர் (ரலி) அவர்கள் கல்லை நிறுத்தியதோடு திரும்பிவிடவில்லை. மக்காவின் மேற்பகுதியில் பெரும் பாறைகளையும் மண்ணையும் கொண்டு ஒரு தடுப்பணை எழுப்பினார்கள். கீழ்ப்பகுதியிலும் ஒன்று எழுப்பப்பட்டதாக பலாதுரீ (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். மேலைத் தடுப்பு, ஊருக்குள் பாய்ந்துவந்த நீரைத் தடுத்துப் பள்ளத்தாக்கின் வழியே திருப்பிவிட்டது. மேலும் அதே பயணத்தில்தான், கஅபாவை நெருக்கிக் கட்டப்பட்டிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி இடித்துப் பள்ளியின் முற்றத்தை விரிவாக்கினார்கள். சிலர் விற்க மறுத்தனர். கஅபாவின் முற்றத்தில் நீங்கள்தாம் வந்து குடியேறினீர்கள், கஅபா உங்கள் முற்றத்தில் வந்து குடியேறவில்லை என்னும் பொருள்பட அவர்களிடம் எடுத்துரைத்தார்கள். அவர்களுக்குரிய விலைப் பணம் கஅபாவின் கருவூலத்தில் வைக்கப்பட்டது. பின்னர் அவர்கள் அதனைப் பெற்றுக்கொண்டனர்.  ஆக்கிரமிப்பு என்னும் சொல் நம் செய்தித்தாள்களில் வரும்போதெல்லாம் இந்நிகழ்ச்சி என் நினைவுக்கு வருகிறது.

ஹிஜ்ரி 80இல் அப்துல் மலிக் இப்னு மர்வானின் ஆட்சியில் வந்த வெள்ளம் இன்னும் கொடியது. துல்ஹஜ் பிறை 8, தர்வியாவுடைய நாள். ஹாஜிகள் பள்ளத்தாக்கில் கூடாரமிட்டுத் தங்கியிருந்தனர். விடியற்காலையில் இறங்கிய வெள்ளம் மனிதர்களையும் ஒட்டகங்களையும் பொதிகளையும் வாரிச் சென்றது. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனதால் 'ஜுஹாஃப்' என்றே அதற்குப் பெயரிட்டார்கள். கலீஃபா பொருள் அனுப்பி, பள்ளத்தாக்கின் இரு மருங்கிலும் வீடுகளுக்கும் பள்ளிக்கும் காப்புச் சுவர் எழுப்பவும், தெருமுனைகளில் தடுப்புகள் அமைக்கவும் ஆணையிட்டார். அப்பணிக்காகக் கிறித்தவப் பொறியாளர் ஒருவரை அனுப்பி வைத்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். துறை அறிந்தவர் எவரோ அவரிடம் பணியை ஒப்படைத்தார்கள், அவ்வளவே.

இத்தனைக்குப் பின்னும் மக்காவில் வெள்ளம் வராமலில்லை. ஹிஜ்ரி 1039இல் (கி.பி. 1630) வந்த வெள்ளத்தில் கஅபாவின் சுவர்களே சரிந்தன. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராதின் காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடமே இன்றிருப்பது. 1941இல் முற்றத்தில் நீர் தேங்கி, சிலர் நீந்தியே தவாஃப் செய்தனர். அதன் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஜித்தாவிலும் ஆறு கிடையாது. அங்கே 2009 நவம்பர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடைகளும் வாகனங்களும் அழிந்தன. பணத்திற்கோ இயந்திரத்திற்கோ பஞ்சமில்லாத நகரம் அது. ஆனால் வறண்ட ஓடைப் படுகைகளில் வீட்டுமனைகள் எழும்பியிருந்தன. மழைநீர் வடிகால்கள் போதியவாறு அமையவில்லை. அன்றும் துல்ஹஜ் பிறை 8. ஜுஹாஃப் வந்த அதே நாள்.

2023 டிசம்பர்

தூர தேசத்துக் கதை போதும், நம் பக்கத்திற்கு வருவோம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழையை நம்மில் எவரும் மறக்கவில்லை. மறுநாள் காலை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 எனப் பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாக ஓர் ஆண்டில் பெய்யும் மழையே 70 சென்டிமீட்டருக்குக் குறைவு. ஓராண்டு மழையை விஞ்சிய மழையை ஒரே இரவில் காயல்பட்டினம் வாங்கியது.

தாமிரபரணியில் விநாடிக்கு ஒரு இலட்சம் கன அடிக்கும் மேல் நீர் சென்றது. திருநெல்வேலிச் சந்திப்பும் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீரில் நின்றன. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் நீர் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளுடன் சிக்கிக்கொண்டது. அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தங்கள் கையிருப்பைக் கொண்டு அவர்களுக்கு உணவளித்தார்கள். செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசல் வீடிழந்த இந்து சகோதரர்களுக்குத் திறந்துவிடப்பட்டதையும், அவர்கள் சில நாள்கள் அங்கேயே தங்கியதையும் பத்திரிகைகள் எழுதின.

பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் அணைகள் இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று என்று பலர் கேட்டனர். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளம் மலையிலிருந்து இறங்கியது. 2023இல் மலையிலும் பெய்தது. ஆனால் பெருமழையின் பெரும்பகுதி அணைகளுக்குக் கீழே, சமவெளியிலும் கடற்கரையிலும் பெய்தது. அணைக்குக் கீழே பெய்யும் மழையை அணை எப்படித் தடுக்கும்? அதைத் தாங்க வேண்டியவை ஊர்தோறும் உள்ள குளங்களும் ஓடைகளுமே. குளங்கள் தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன.

'ஆறில்லையே' என்போர் கவனிக்க வேண்டிய ஊர் ஒன்று உண்டு. நமக்குக் கிழக்கே, பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள கோவில்பட்டி. நம்மைப் போலவே வறண்ட கரிசல் பூமி. அங்கும் அதே இருபத்து நான்கு மணி நேரத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மேகம் இன்னும் சிறிது மேற்கே நகர்ந்திருந்தால் இக்கட்டுரையை நான் வேறுவிதமாக எழுத நேர்ந்திருக்கும்.

அவ்வாரம் நிவாரணப் பொருள்களுடன் சென்ற நம் ஜமாஅத் இளைஞர்களோடு நானும் ஸ்ரீவைகுண்டம் பக்கம் சென்றிருந்தேன். ஒரு சிற்றூரின் துணிக்கடைக்காரர் நனைந்த சேலைகளைச் சாலையில் விரித்து உலர்த்திக்கொண்டிருந்தார். சரக்குப் போனதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. கல்லாப் பெட்டியின் கீழ் அறையில் வைத்திருந்த கடன் ஏடு கூழாகிவிட்டது என்பதே அவருடைய துயரம். யார் யார் எவ்வளவு பாக்கி என்பது அந்த ஏட்டில்தான் இருந்தது. "கொடுப்பவர்கள் கொடுப்பார்கள் ஹழ்ரத், ஆனால் நான் யாரிடம் போய்க் கேட்பது?" என்றார். மேல்தட்டில் இருந்த சிலவகைச் சரக்கு தப்பியிருந்தது. ஏடு மட்டும் மேல்தட்டில் இருந்திருந்தால்! சரக்கை எங்கே வைப்பது, கணக்கை எங்கே வைப்பது என்பதைக் கூட மழைக்கு முன்னரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஹைதராபாத் கற்ற பாடம்

குளங்கள் உடைந்து ஒரு பெருநகரத்தை அழித்த வரலாறு ஹைதராபாத்துக்குரியது. 1908 செப்டம்பர் 28, ரமளான் மாதத் தொடக்கம். மூசி நதியில் வந்த வெள்ளத்தில் சுமார் 15,000 பேர் மாண்டதாகக் கூறுவர். அஃப்சல் கஞ்ச் பகுதியில் ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட 150 பேர் உயிர் பிழைத்தனர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள அந்த மரம், நினைவுச் சின்னமாகப் போற்றப்படுவது. ஆறாம் நிஜாம் மீர் மஹ்பூப் அலி கான் அரண்மனையைத் திறந்துவிட்டு மக்களுக்கு உணவளித்தார்.

பின்னர் அவருடைய அரசு, அப்போது ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்த பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. 1909இல் வந்த அவர் முதலில் செய்தது கணக்கெடுப்பு. ஹைதராபாத்துக்கு மேலே மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 குளங்கள் இருந்ததையும், அவற்றுள் 221 குளங்கள் உடைந்ததையும் அவர் கண்டறிந்தார். மழை மட்டும் நகரை அழிக்கவில்லை. உடைந்த குளங்களின் நீரும் அதனோடு சேர்ந்து வந்தது. ஒரு குளம் உடைந்தால் அதன் நீர் அடுத்த குளத்தில் விழும்; அது தாங்காமல் உடையும்; இப்படியே கீழே வரவர வேகம் கூடும்.

அவருடைய பரிந்துரையின்படி, வெள்ளத்தைத் தேக்கிச் சிறுகச் சிறுக விடுவதற்காக நகருக்கு மேலே இரு நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. உஸ்மான் சாகர் 1920இல் முடிந்தது. ஹிமாயத் சாகர் 1927இல் முடிந்தது. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியவை பல்லாண்டுக் காலம் அந்நகருக்குக் குடிநீரும் கொடுத்தன. அழைத்த நிஜாம் 1911இல் காலமானார். அவருடைய மகன் ஏழாம் நிஜாம் அப்பணியை நிறைவேற்றினார். அப்படி அறிந்து செய்த நகரமே, பிற்காலத்தில் ஏரிகளின் உள்வாயில் குடியிருப்புகள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2020 அக்டோபரில் அக்குடியிருப்புகளுள் பல நீரில் மூழ்கின; சில இடங்களில் மாதக்கணக்கில் நீர் வடியவில்லை.

நம் குளங்கள்

நம் பகுதியின் குளங்களும் இவ்வாறே சங்கிலியாக அமைந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவிலிருந்து கிழக்கு நோக்கி நிலம் தாழ்கிறது. அச்சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு நீரைத் தேக்கினார்கள் முன்னோர். ஒரு குளம் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும்; அந்த மறுகாலே அடுத்த குளத்திற்கு வரத்துக்காலாகும். மறுகால் பாய்கிறது என்று கேட்டால் ஊரே கூடிப்போய்ப் பார்த்த காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். கலுங்கின் மீது குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றினிடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்துக் கொஞ்சம் கூடுதலாக நீரைத் தேக்குவார்கள்; பெருமழைக்கு முன் அவ்வடைப்பை எடுத்துவிடுவார்கள். எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பதில்தான் ஊரின் பாதுகாப்பு இருந்தது. அதை அறிந்த நீர்பாய்ச்சிகளுக்கு ஊரார் நெல் அளந்தார்கள்.

கரையையும் காலையும் ஊராரே செப்பனிடும் வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். அவ்வழக்கம் தளர்ந்ததைக் கண்ட ஆங்கில அரசு 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. சட்டத்தால் அது மீளவில்லை. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் ஜமீன்களின் குளங்கள் அரசின் கைக்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள குளங்கள் பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று பிரிந்தன. ஒரே சங்கிலியின் ஒரு கண்ணி ஓர் அலுவலகத்திலும் அடுத்த கண்ணி வேறோர் அலுவலகத்திலுமாயிற்று. 2007இல் ஏரி குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2017இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே திட்டம் வந்து பல குளங்கள் தூர்வாரப்பட்டன. நல்ல காரியம். ஆனால் குளத்தின் வயிற்றை ஆழப்படுத்தியவர்கள் பல இடங்களில் அதன் வாயையும் வாலையும் மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். வரத்துக்காலும் மறுகாலும் அடைபட்டுக் கிடக்கும் வரை ஆழத்தினால் பயன் குறைவே.

பாசன நிலம் வீட்டுமனையாகும்போது இன்னொன்றும் நேர்கிறது. வயல் இருந்தவரை, வாய்க்கால் அடைபட்டால் கேட்பதற்கு ஆள் இருந்தார். வயல் போனபின் அவ்வாய்க்காலுக்கு உரியவர் எவருமில்லை. முதலில் குப்பை விழுகிறது. பின் கட்டடத்தின் இடிபாட்டு மண். பின் ஒரு சிமெண்டுப் பலகை. அதன்மேல் ஒரு பெட்டிக்கடை.

நமது ஃபிக்ஹு நூல்களில் 'ஹக்குல் மஸீல்' என்றோர் உரிமை பேசப்படுகிறது. ஒருவருடைய இடத்து நீர் மற்றவருடைய இடத்தின் வழியே வடிந்து செல்லும் உரிமை அது. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா' சட்டநூலிலும் அதற்கு இடம் உண்டு. வழியில் நடக்கும் உரிமை, பாசன நீர் பெறும் உரிமை, நீர் வடியும் உரிமை என மூன்றையும் அடுத்தடுத்து வைத்து அது வரையறுக்கிறது. தொன்றுதொட்டு வடிந்துவரும் வழியை அடைக்கும் அதிகாரம் பக்கத்து நிலக்காரருக்கு இல்லை என்பதே இதிலிருந்து பெறப்படுவது. தொழுகையின் சட்டங்களைக் கேட்டு வரும் நம் மக்கள் இச்சட்டத்தைக் கேட்டு வருவதில்லை. நாமும் ஜும்ஆவில் சொல்லவில்லை. குறை எங்களைப் போன்றோரிடமும் உண்டு.

நம் கடைத்தெரு

இப்போது நம்மூருக்கு வருகிறேன். சங்கரன்கோவில் தறிக்குப் பெயர் பெற்ற ஊர். குழித்தறியில் நெய்பவர் கால் வைக்கும் குழிக்குள் முதலில் தண்ணீர் ஊறும். வாசல் வழியாக வரவேண்டும் என்பதில்லை. விசைத்தறியின் மோட்டாரும் தரைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. ஒரு முழ நீர் ஒரு இரவு நின்றால் மோட்டார், நூல், தரையில் அடுக்கிய சேலைக்கட்டு எல்லாம் வீணாகும். தறிக்காரர் ஒருவரின் ஆண்டு வருமானம் அந்த ஒரு முழத்தில் அடங்கிவிடும்.

நம் பள்ளிக்குள் நுழையும் படிகளைக் கவனித்திருக்கிறீர்களா? நான் இப்பள்ளிக்கு வந்த புதிதில் தெருவிலிருந்து நான்கு படி ஏறி உள்ளே வருவோம். இன்று இரண்டு படிதான் வெளியே தெரிகிறது. பள்ளி தாழவில்லை, சாலை உயர்ந்திருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிதாகப் போட்டுக்கொண்டு வந்ததன் விளைவு இது. முன்பு தெருவில் ஓடிய தண்ணீர் இப்போது கடைகளின் தளத்திற்குச் சமமாக ஓடுகிறது. கடைக்காரர் தம் வாசலை உயர்த்திக் கட்டுகிறார். அந்நீர் உயர்த்தாத அடுத்த கடைக்குப் போகிறது. அவரும் உயர்த்தினால் அதற்கடுத்த கடைக்கு. வசதியுள்ளவர் வரை இது செல்லும். கடைசியில் தரையில் கடை விரித்திருக்கும் மூதாட்டியிடம் போய் நிற்கும்.

மழை மிகுந்த இரவில் முஅத்தின் பாங்கின்போது, அவரவர் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிப்பது நபிவழி. அதற்கென உரிய வாசகத்தை ஓதிய முஅத்தின் இவ்வூரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வந்தபின் ஒருமுறைதான் அதற்கு வேலை வந்தது. ஆயினும் பள்ளியின் ஒலிபெருக்கி வெள்ள எச்சரிக்கைக்கும் பயன்படலாம் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மேலே எந்தக் குளம் மறுகால் பாய்கிறது என்பது இரவு ஒன்பது மணிக்கே தெரிந்துவிட்டால், தறிக்காரர்கள் மோட்டாரைக் கழற்றி மேலே வைக்க அவகாசம் கிடைக்கும்.

இவற்றையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த நிலையில், அல்முத்தலிப் (ரலி) அவர்களின் கயிறு மனத்தை விடவில்லை. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நம் ஜமாஅத்தின் மூத்தவர் மூவரை அழைத்துக்கொண்டு, அளவு நாடாவும் நில அளவைப் புலப்படத்தின் நகலுமாக, கடைத்தெருவின் பின்புறம் செல்லும் ஓடையை அளக்கப் போனோம். மூவரில் ஒருவருக்கு எண்பதைக் கடந்த வயது. அவ்வோடையில் சிறுவயதில் குளித்ததாகச் சொன்னார். இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

முதல் இடத்தில் ஓடையின் அகலம் புலப்படத்தில் உள்ளதற்கு ஏறக்குறைய ஒத்திருந்தது. இரண்டாம் இடத்தில் பாதிக்கும் குறைவு. இரு கரையிலும் வீடுகளின் பின்சுவர்கள். அவற்றுள் நம் ஜமாஅத்தாரின் வீடுகளும் மற்றவர்களின் வீடுகளும் உண்டு. அளவுகளைத் தேதியிட்டுப் பள்ளியின் பதிவேட்டில் எழுதி, நால்வரும் கையொப்பமிட்டிருக்கிறோம். சென்ற மழையில் நீர் நின்ற உயரத்தையும் பள்ளியின் வெளிச்சுவரில் ஒரு கோடாகக் குறித்து வைத்திருக்கிறோம். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அதை அழித்துவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் இடத்தில் நாடாவை விரிக்க இயலவில்லை. அங்கே ஓடையின் மீது சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருக்கிறது. பலகையின் மேல் இரண்டு கடைகளின் பின்புறத் திண்ணையும் சரக்கறையும் நிற்கின்றன. அவ்விரு கடைகளும் நம் பள்ளிக்குச் சொந்தமானவை. ஆண்டுதோறும் தண்ணீர் புகுந்து, பழுதுபார்ப்புச் செலவு எழுதப்படுவதும் அவற்றுக்குத்தான். எந்த நிர்வாகத்தின் காலத்தில் அவை நீட்டிக் கட்டப்பட்டன என்பதை ஆராய்ந்து எவரையும் குறைகூறுவது என் நோக்கமன்று. வாடகை சற்றுக் கூடும் என்னும் நல்லெண்ணத்தில் செய்திருப்பார்கள். அப்பகுதியை இடித்து ஓடையைத் திறந்துவிட்டால் மாத வாடகையில் ஒரு பங்கு குறையும். அவ்வாறு செய்வதா என்னும் தீர்மானம் வரும் பொதுக்குழுவில் வைக்கப்பட உள்ளது. புலப்பட நகலும் அளவுக் குறிப்பும் பள்ளி அலுவலகத்தில் இருக்கின்றன. அனைவரும் முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டுக் கூட்டத்திற்கு வருமாறு வேண்டுகிறேன்.